வலியசாலையில் காற்று அளந்த ஒன்பது நாள்

காலாண்டு விடுமுறைக்கு ஊட்டி போகிறவர்கள் உண்டு, கொடைக்கானல் போகிறவர்கள் உண்டு. நான் எங்கள் பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் கையெழுத்துப் போட்டு, காற்று அளக்கும் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு, கூடவே ஓர் ஓலைக் கொட்டான் கருப்பட்டியையும் தூக்கிக்கொண்டு, உடன்குடியிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினேன். காரணம், என் தங்கை காந்திமதியின் இருமல்.

ஓர் இருமலுக்காக அக்காள்காரி மாநிலம் தாண்டிப் போக வேண்டுமா என்று கேட்பீர்கள். அவள் பார்க்கிற வேலை அப்படி. செயற்கைக்கோளுக்குள் போகும் வயர்களை அளந்து, கோத்து, கட்டித் தருகிற ஒரு சின்னத் தனியார் பட்டறையில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறாள். அந்த அறைக்குள் தூசி கூடாது. தலைக்குக் குல்லா, வாய்க்கு மாஸ்க், உடம்புக்கு வெள்ளை அங்கி. இருமுகிறவர்களுக்கு உள்ளே இடமே கிடையாது. மூன்று மாதமாக அவளை வெளியே ஒரு மேஜையில் உட்காரவைத்து லேபிள் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். அடுத்த செயற்கைக்கோளுக்கான வேலை பத்து நாளில் தொடங்குகிறது. அதற்குள் இருமல் நிற்காவிட்டால் அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்காருவாள். ஒருமுறை கைமாறிய நாற்காலி அங்கே திரும்பி வருவதில்லையாம்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உறிஞ்சுகிற மருந்து ஒன்று கொடுத்து, "வீட்டுக்குள்ளே காற்று எப்படி?" என்று கேட்டிருக்கிறார். இதை அவள் போனில் சொன்னதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இருபத்தாறு வருஷமாகப் புவியியல் நடத்துகிறவள் நான். அளந்தே சொல்லிவிடுவோம், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தசரா நேரம் என்பதால் எங்கள் பக்கத்து பஸ்ஸில் பாதிப் பேர் வேஷக்காரர்கள். குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனுக்கு வேஷம் கட்டுவதாக நேர்ந்துகொண்ட ஒரு காளி, தகர நாக்கைத் தொங்கவிட்டபடி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டு வந்தார். ஒரு குரங்கு என் தோளில் சாய்ந்து தூங்கியது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாகர்கோவிலில் கேரள பஸ்ஸுக்கு மாறினேன். நெய்யாற்றின்கரை தாண்டியதும் என் பைக்குள்ளிருந்து கீங் கீங் என்று ஒரு சத்தம். முன்னால் போன லாரியின் புகை ஜன்னல் வழியே உள்ளே வந்து, கருவி சிவப்புக் காட்டிக் கத்த ஆரம்பித்திருக்கிறது. மொத்த பஸ்ஸும் என்னைத்தான் பார்த்தது.

கண்டக்டர் ஒரு பெண். பஸ்ஸை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு, பையில் என்ன என்று மலையாளத்தில் கேட்டாள். காற்று அளக்கிற கருவி என்றேன். காற்றை எதற்கு அளக்க வேண்டும் என்றாள். நியாயமான கேள்விதான். பின் சீட்டிலிருந்த ஒரு பெரியவர் கருவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் முகத்துக்கு நேரே பிடித்து ஒருமுறை ஊதினார். அது இன்னும் உரக்கக் கத்தியது. "என்னையே வேண்டாம் என்கிறது" என்றார் அவர். பஸ் முழுக்கச் சிரிப்பு, வண்டியும் கிளம்பியது. காளியோடு நிம்மதியாக வந்த எனக்கு, உள்ளங்கை அளவு டப்பாவால் மானம் போனது.

தம்பானூர் பஸ் நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். கேட்காமலே மீட்டர் போட்டார்கள். எங்கள் ஊர் ஆட்டோக்காரர்கள் இதை ஒருதரம் வந்து பார்க்க வேண்டும்.

வலியசாலைத் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. முன்னால் ஒடுங்கித் தெரியும், உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியில்லாததால், கட்டினவர்கள் வீட்டின் நடுவே வானம் தெரிகிற மாதிரி ஒரு முற்றம் விட்டிருப்பார்கள். காந்திமதியின் புருஷன் சிதம்பரம் குடும்பத்துக்கு அது நாலு தலைமுறை வீடு. கிழக்கேகோட்டையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார். மகன் கொச்சியில் ஹாஸ்டலில் படிக்கிறான்.

படியேறியதும் நனைந்த சாக்கு ஒன்று கிடந்தது. அதில் காலைத் துடை, சேலையை உதறு, பையை வெளியிலேயே வை என்று வரிசையாகக் காந்திமதியின் உத்தரவு. பிறகு கையில் ஒரு பிளாஸ்டிக் குல்லாவைக் கொடுத்தாள்.

"என்னட்டி இது, கொண்டையிலயா போட?"

"போடுக்கா. முடி விழுந்தா நானில்லா பொறுக்கணும்."

சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது. குனிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் குலுங்கக் குலுங்க இருமினாள். போனில் கேட்டபோது இவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. குல்லாவைப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை புட்டும் கடலைக்கறியும். குடிக்க இளஞ்சிவப்பு வெந்நீர். மரப்பட்டை போட்டுக் கொதிக்கவைத்தது. முதல்முறை பார்க்கிறவர்கள் சாயம் போன துணி அலசின தண்ணீர் என்றுதான் நினைப்பார்கள். எனக்கு இப்போது பழகிவிட்டது. சாப்பிட்டு முடித்து, கருவியைக் கூடத்து அலமாரியில் வைத்துச் சுவிட்சைப் போட்டேன். அது நுண்தூசி, கரியமில வாயு, ஸ்பிரிட் பெயின்ட் போன்றவற்றின் ஆவி என மூன்றை அளக்கும். பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் சுமார். சிவப்பு வந்தால் கத்தும்.

போட்டதும் கத்தியது.

எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது. தெரு முனையில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை. காலை ஏழு மணிக்கே தேங்காயெண்ணெய் கொதிக்கிற வாசம் தெரு முழுக்க மிதக்கும். இதுதான் என் தங்கையின் நெஞ்சை அடைக்கிறது என்று முடிவு கட்டி, கருவியை எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். காந்திமதி பின்னால் வேண்டாம் வேண்டாம் என்றுகொண்டே வந்தாள்.

கடைக்காரர் மலையாளி, ஐம்பது வயது இருக்கும். நான் தமிழில் சத்தம்போட, அவர் மலையாளத்தில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், அந்தக் கருவியை இங்கே வையுங்கள் என்று கல்லாவைக் காட்டினார். வைத்தேன். இரண்டடியில் எண்ணெய்ச் சட்டி. கருவி கொஞ்சம் யோசித்துவிட்டு மஞ்சள் காட்டியது. அதிலேயே நின்றது.

"டீச்சர், என் கடையில் மஞ்சள். உங்கள் வீட்டில் என்ன நிறம்?" என்று கேட்டார்.

வெட்கத்துக்கு நாலு பாக்கெட் சிப்ஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்து என் சந்தேகம் சிதம்பரத்தின் சாம்பிராணி மேல் போனது. பாவம், அவர் அன்று மாலையே நிறுத்திக்கொண்டார். அப்போதும் சிவப்பு. காந்திமதி என்னை ஒருமுறை பார்த்தாள். "அக்கா, நீ ஒவ்வொருத்தர் மேலயா பழியப் போடுதே. இப்படியா ஒரு பிழையக் கண்டுபிடிப்பா? எங்க இடத்துல முதல்ல எழுதுவோம்" என்றாள். ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டு, மணி, நிறம், அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று மூன்று கட்டம் பிரித்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் பார்த்தது வேறொரு காந்திமதியை. அவளுக்குப் படிப்பு ஐ.டி.ஐ.யோடு சரி. வீட்டில் படித்தவள் என்ற பட்டம் எனக்குத்தான். நான் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்த கருவியை அவள் கூடத்தின் நடுவே, தரையிலிருந்து மூக்கு உயரத்தில், ஸ்டூல் மேல் ஸ்டூல் வைத்து நிறுத்தினாள். வேலையிலிருந்து வந்தாலும் சரி, அடுப்பில் குழம்பு கொதித்தாலும் சரி, அரைமணிக்கு ஒருதரம் போய் எழுதினாள். பகலில் அவள் இல்லாதபோது அந்த வேலை எனக்கு. ஓர் இடத்தில் நான் தப்பாக எழுதி மேலேயே திருத்திவிட்டேன். அதற்கு நான் வாங்கிய திட்டு, என் தலைமையாசிரியரிடம்கூட வாங்காதது. தப்பு வந்தால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டுமாம். அடித்தது கீழே தெரிய வேண்டும். செயற்கைக்கோள் மேலே போய்க் கெட்டுப்போனால் ஏணி வைத்து ஏறிப் பார்க்க முடியாது, இந்த நோட்டுதான் பேசும் என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

நான்காம் நாள், அவளுக்கு வார விடுப்பு. காலையில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. எல்லாக் கட்டத்திலும் சிவப்பு. விடியற்காலையில் கரியமில வாயு. சமையல் நேரத்தில் தூசி. அவள் ஸ்பிரிட் தொட்டு அலமாரி, மேஜை எல்லாம் துடைக்கிற நேரத்தில் ஆவி. ஒரே ஓர் இடத்தில் மட்டும் பச்சை. அதற்கு நேரே அவளே எழுதியிருந்தாள், 'அக்கா சொல் கேட்காமல் வாசலையும் கொல்லையையும் திறந்துபோட்டுத் துணி காயப்போட்டாள்' என்று. என்மேல் புகாராக எழுதியது.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் முகத்தைப் பார்த்து, கேலி செய்ய வந்த பேச்சை விழுங்கிக்கொண்டேன்.

பிறகு அவளே எல்லாம் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் பெஞ்சில் கட்டிய ஒரு வயர் முனையில், பரிசோதனையின்போது பஞ்சு இழை ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. யாருடையது என்று தெரியவில்லை. யாரும் அவளைக் குறை சொல்லவும் இல்லை. ஆனால் அது தன் வீட்டிலிருந்துதான் போயிருக்கும் என்று அவளுக்குள் ஏறிவிட்டது. அன்றிலிருந்து வீட்டையும் பட்டறையைப்போல ஆக்கத் தொடங்கினாள். முன் ஜன்னல்களின் விளிம்பில் டேப். வாசலில் ஈரச்சாக்கு. தினம் இரண்டுவேளை ஸ்பிரிட். கடைசியாக, புருஷனிடம் சொல்லி முற்றத்துக்கு மேல் கண்ணாடி மாதிரியான ஷீட் போட்டு, சுற்றி இடுக்கில்லாமல் பலகை அடிக்கச் சொன்னாள்.

"எங்க ரூமும் மூடித்தான் இருக்கும். ஆனா மேல மெஷின் இருந்து வடிகட்டின காத்த அனுப்பிக்கிட்டே இருக்கும். பழைய காத்து கீழ வழியாப் போய்க்கிட்டே இருக்கும். ஒரு நிமிஷம் மெஷின் நின்னா எங்கள வெளிய போகச் சொல்லிருவாவ. இது எனக்கு நல்லாத் தெரியும்க்கா. பன்னிரண்டு வருஷமாத் தெரியும். தெரிஞ்சே நான் வழிய அடச்சு வச்சிருக்கேன் பாத்தியா."

சொல்லிவிட்டு அழுதாள், அழுகையோடு இருமலும் சேர்ந்துகொண்டது. நான் முதுகைத் தடவிவிட்டேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது. வேலைமேல் வைத்த மரியாதையில் ஒருத்தி தன் மூச்சையே அடைத்துக்கொண்டிருக்கிறாள். அவளை எப்படித் திட்டுவது?

மத்தியானம் சாப்பிட வந்த சிதம்பரத்திடம், முற்றத்து ஷீட்டைக் கழற்ற வேண்டும் என்றேன். சோற்றில் கை வைத்தவர் நிமிர்ந்தார். "மதினி, துலாமாச மழ வரப்போகு, உங்க ஐப்பசி மழதான். இங்க மழன்னா கொஞ்சமில்ல. ஷீட்ட எடுத்தா கூடம் முழுக்க வெள்ளமாக்கும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. போட்டது இரண்டு வருஷம் ஆகவில்லை, அதற்காக அவர் எத்தனை பேரிடம் அலைந்தார் என்பதும் எனக்குத் தெரியும். நான் வாதாட வாயெடுத்தேன். அதற்குள் காந்திமதி நோட்டைக் கொண்டுவந்து அவர் இலைக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

அவர் முழுக்கப் படித்தார். என்மேல் எழுதின புகாரைப் படித்துச் சிரித்தார். கை கழுவிவிட்டுக் கடைக்குப் போன் செய்து அரைநாள் லீவு சொன்னார். பக்கத்து வீட்டில் ஏணி வாங்கி வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே ஏறினார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டேன். பலகை ஒவ்வொன்றாகக் கழன்று விழ, இரண்டு வருஷத்துத் தூசி மொத்தமும் என் தலையில் இறங்கியது. குல்லா அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது.

மறுநாள் மாலையே மழை வந்தது. அவர் சொன்ன மாதிரியே கொட்டியது. நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் சேலையும் சாக்குமாகத் தயாராக நின்றோம். தண்ணீர் முற்றத்தில் விழுந்தது, சுற்றியது, மூலையிலிருந்த ஓட்டை வழியே கொல்லைக்குப் போய்விட்டது. கூடத்துக்குள் ஒரு முழம் தூரம் சாரல், அவ்வளவுதான். கட்டினவர்களுக்கு மழை தெரியாதா என்ன. காந்திமதி மணி பார்த்து நோட்டில் எழுதினாள், பச்சை என்று.

இருமல் ஒரேயடியாக நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். டாக்டர் மருந்தும் வேளை தவறாமல் போனது. ஸ்பிரிட் பாட்டிலை நான் ஒளித்துவைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி கூடியது. ஏழாம் நாள் காலையில் அவள் எழுந்து, பல் விளக்கி, காபி போட்டு முடிக்கும்வரை ஓர் இருமலும் இல்லை. சிதம்பரம் அதைக் கொண்டாடப் போளியும் பால்பாயசமும் வாங்கி வந்தார். போளியைப் பிய்த்து, பாயசத்தில் முக்கி, கையாலேயே அள்ளிச் சாப்பிட வேண்டும். எங்கள் பக்கத்தில் போளியை நெய் தொட்டுத் தின்பதோடு சரி. இந்த ஒரு விஷயத்தில் திருவனந்தபுரம் ஜெயித்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன்.

அன்று பிற்பகல் தும்பா கடற்கரைக்குப் போனோம். இந்த நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பிய கரை. வேலிக்கு அந்தப்பக்கம் போக விடமாட்டார்கள். வெளியே மீனவர்கள் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். நான் வாத்தியார் பழக்கத்தில் ஆரம்பித்தேன், பூமத்திய ரேகை இதன்வழியே போவதால்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று.

"பூமத்திய ரேகை தெக்க மாலத்தீவு பக்கம் கிடக்குக்கா. இங்க போறது காந்தத்துக்கான ரேகையாக்கும்" என்றாள் காந்திமதி. பூமியின் காந்தத்துக்கென்று ஒரு நடுக்கோடு இருக்கிறதாம். அதற்கு மேலே வெகு உயரத்தில் மின்சாரம் ஆறு மாதிரி ஓடுகிறதாம். அதைத் தொட்டுப் பார்க்கத்தான் சின்ன ராக்கெட்டுகளை இங்கிருந்து விட்டார்கள், அவை மேலே போய்ப் பார்த்துவிட்டு இந்தக் கடலிலேயே விழுந்துவிடும் என்றாள். எத்தனை வருஷமாக நான் பிள்ளைகளுக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்து, எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

மணலில் விரலால் தெற்கு இந்தியாவை வரைந்து அவள் மேலும் சொன்னாள். செயற்கைக்கோளை ஏற்ற இந்தக் கரை ஆகாது. பூமி சுழல்கிற கிழக்குத் திசையில் விட்டால் அந்தச் சுழற்சியே ஒரு தள்ளு கொடுக்கும், ஆனால் இங்கிருந்து கிழக்கே முழுக்க ஜனங்கள். அதனால்தான் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்தும், துருவங்களைச் சுற்றுகிற செயற்கைக்கோளை நேர் தெற்கே அனுப்ப வேண்டுமென்றால் இலங்கை குறுக்கே நிற்கும், வளைந்து போக வேண்டும், அதற்கு எரிபொருள் செலவு. சின்ன ராக்கெட்டுக்கு அது கட்டுப்படியாகாது. பிறகு தூத்துக்குடிக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தாள். எங்கள் குலசேகரன்பட்டினம். நான் ஷேர் ஆட்டோவில் போய்வருகிற இடம், புதிய ஏவுதளம் எழும்பிக்கொண்டிருக்கிற இடம். அந்தப் புள்ளியிலிருந்து விரலை நேரே தெற்கே இழுத்தாள். கோடு கடலிலேயே போனது, எந்த ஊரையும் தொடவில்லை.

"நம்ம ஊர்லருந்து போனா யார் தலைக்கு மேலயும் போகாதுக்கா. நான் கட்டுன வயரு உன் வீட்டு மாடிக்கு எதிர்த்தாப்ல மேல ஏறும். நீ நின்னு பாக்கலாம்."

சொல்லிவிட்டு மூச்சு வாங்காமல் சிரித்தாள். என் தங்கை இவ்வளவு தெரிந்தவள் என்று அன்றைக்கு வரை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. வயர் கோக்கிற வேலை என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன், ஏதோ பூக்கோக்கிற மாதிரி. எனக்கு என்மேல் கோபமும் அவள்மேல் பெருமையும் ஒன்றாக வந்தது. சிதம்பரம் பக்கத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வந்து ஒரு மணி நேரம் ஆகிறது, ஒருதரம்கூட இருமவில்லை என்று மெதுவாக என்னிடம் சொன்னார். அவர் கணக்கு வைத்திருந்தார்.

ஆனால் வீட்டுப் படியேறியதும் இரண்டு இருமல். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உள்ளே போனோம்.

ஒன்பதாம் நாள் அவளுக்குப் பரீட்சை. மேற்பார்வையாளர் பிந்து மேடம் கறாரான பெண்மணி. உடை மாற்றும் முன்னறையில் காந்திமதி அங்கியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு காலை முழுக்க உட்கார வேண்டும், ஒரே ஓர் இருமல் வந்தாலும் உள்ளே அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். நான் எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன். பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, ஒன்று வாங்கினேன், சாப்பிட முடியவில்லை. பெஞ்சில் இருந்த இரண்டு டிரைவர்கள் பந்து விளையாட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் சொந்தப் பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை. மூன்று டீ குடித்தேன்.

பன்னிரண்டரைக்கு வாட்ச்மேன் வந்து, மேடம் கூப்பிடுகிறார் என்றார். டீக்குக் காசைக் கொடுத்துவிட்டுச் சாலையைத் தாண்டினேன். பிந்து மேடம் வாசலிலேயே நின்றார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செருப்பைக் கழற்றச் சொன்னார், போனை வாங்கி மேஜையில் வைத்தார், வாருங்கள் என்று ஒரு நடைவழியில் கூட்டிக்கொண்டு போனார். முடிவில் பெரிய கண்ணாடிச் சுவர்.

"உங்கள் தங்கை உள்ளே போய் அரைமணி ஆகிறது" என்றார் மலையாளத்தில். யாரோ அழைக்க, அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வெளிச்சமான ஓர் அறை. நீண்ட பெஞ்சில் பன்னிரண்டு பேர், எல்லோரும் வெள்ளை அங்கி, வெள்ளைக் குல்லா, மாஸ்க். எல்லாத் தலையும் குனிந்திருந்தது. எல்லாக் கையும் வயர்மேல் இருந்தது. சத்தம் ஒன்றும் வெளியே வரவில்லை. இதில் காந்திமதி யார்? நான் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தேன். கூடப் பிறந்தவளை எனக்கே அடையாளம் தெரியவில்லை. அதனால் தோள்களைப் பார்க்க ஆரம்பித்தேன், ஒவ்வொன்றாக, முதலிலிருந்து.

பத்து நிமிடம் நின்றிருப்பேன். ஒரு தோளும் குலுங்கவில்லை.